தாளக்கா ஓர் அணுவைத் தள்ளிப் பார்த்த கதை

இன்னும் உலகத்தில் உண்டாகாத ஒரு பொருள், உண்டானால் நிற்குமா, சரியுமா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

பள்ளி இறுதித் தேர்வு முடிந்த வாரம், ஒரு பேருந்துப் பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "கையில வந்தாத்தானே தெரியும்" என்று சமாளித்ததுதான் மிச்சம். அவர் சிரித்துவிட்டு, தன் நிறுத்தம் வந்ததும் இறங்கிப் போய்விட்டார். அந்தக் கேள்விதான் அவருடைய பிழைப்பே என்பது பிறகு தெரியவந்தது. அவரிடமும், அவரோடு வேலை பார்க்கிறவர்களிடமும், அவர் வீட்டிலும் போய் விடாமல் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததுதான் இந்தக் கதை.

அவரை எல்லோரும் தாளக்கா என்பார்கள். முப்பத்தாறு வயது. ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் கட்டடத்தில், இரண்டாவது மாடியில் கணினி முன்னால் உட்கார்ந்து தாள்களைக் கணக்கிடுகிற வேலை. தாள் என்றால் எழுதுகிற தாள் இல்லை. நாம் எழுதுகிற தாள் ஒன்றை ஒன்றரை லட்சம் ஏடுகளாக உரிக்க முடிந்தால், அதில் ஓர் ஏடு எவ்வளவு மெல்லியதாக இருக்குமோ அவ்வளவு மெல்லிய தாள். மூன்று அணு கனம்தான். அப்படிப்பட்ட குறைகடத்தித் தாள்களில் சில வெயிலை நன்றாக உறிஞ்சி மின்சாரமாக்கும். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டலாம், துணியில் ஒட்டலாம். ஆனால் எந்த அணுவோடு எந்த அணுவைச் சேர்த்தால் நல்ல தாள் வரும் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க ஆயுள் போதாது. அதனால் செய்வதற்கு முன்னால் கணக்கிட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கணக்குதான் தாளக்காவின் வேலை.

"என் மருமக போகாத ஊருக்கு வழி சொல்றவ" என்று அவருடைய மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். "இல்லாத சாமானுக்கு நீளம் அகலம் பாத்து, நிறமும் சொல்லிடுவா. நானும் முப்பது வருஷமா இல்லாத கோவத்தை என் புருஷன்கிட்ட காட்டியிருக்கேன், எனக்கு யாரும் சம்பளம் குடுக்கல."

கணக்கில் முக்கியமாகப் பார்ப்பது ஒரு படியை. வெயில் பட்டதும் தாளுக்குள் இருக்கும் எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏற வேண்டும். படி மிகத் தாழ்வாக இருந்தால் ஏறிவிடும், ஆனால் வெயிலின் பலமெல்லாம் வெறும் சூடாகி வீணாகும். படி மிக உயரமாக இருந்தால் வெயிலால் ஏற்றவே முடியாது, ஒளி தாளைத் தாண்டிக்கொண்டு போய்விடும். அளவான உயரம் ஒன்று புள்ளி நான்கு எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும் என்பது அவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

தாளக்கா அந்த அறைக்கு வந்து அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மூன்று மேசை, ஒரு வெள்ளைப் பலகை, சொட்டுகிற ஏசி, அதற்குக் கீழே ஒரு பெயின்ட் வாளி. காலையில் முதலில் வருகிறவர் வாளியைக் கொட்ட வேண்டும் என்பது அறையின் சட்டம். முதலில் வருகிறவர் பெரும்பாலும் தாளக்காதான். ஆனால் அவர் அங்கே நிரந்தரம் இல்லை. வருடா வருடம் நீட்டிக்கிற ஒப்பந்தம். வருடக் கடைசியில் கதவு திறக்கிற அட்டை செத்துவிடும். நீட்டிப்புக் காகிதம் கையெழுத்தாகி வர இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகும். அதுவரை அவர் வராந்தா பெஞ்சில், தீயணைப்புக் குழலுக்குப் பக்கத்தில், மடியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார். போகிறவர் வருகிறவர் சும்மா போக மாட்டார்கள்.

"என்ன தாளக்கா, வெளியே நிக்க வச்சுட்டாங்களா?"

"வீட்டுப்பாடம் எழுதலப்பா" என்பார்.

இப்படி ஒன்பது முறை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பத்தாவது வருடத்தில் முதல்முறையாக அந்தத் துறையில் ஒரு நிரந்தர வேலை அறிவிக்கப்பட்டது. ஒரே ஓர் இடம். விண்ணப்பித்தவர்கள் நிறையப் பேர். பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒரு கண்டுபிடிப்பு இருந்தால்தான் உள்ளே நுழைய முடியும். சரியாக அந்த நேரத்தில் தாளக்காவின் கையில் அப்படி ஒன்று இருந்தது.

அது ஒரு புதுத் தாள். நடுவே உலோக அணு, மேலே ஒன்று, கீழே ஒன்று. படியின் உயரம் ஒன்று புள்ளி நான்கு. இவ்வளவு மெல்லிய தாளுக்கு அது வெயிலை உறிஞ்சுகிற அளவைப் பார்த்து, கணக்குப் பிரிவின் தலைவியான பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். மாணவர்கள் மேடம் என்று அழைக்கிற அந்தப் பேராசிரியர் லேசில் மகிழ்கிறவர் இல்லை. "இத வச்சு நீ அந்த வேலைக்குப் போயிடலாம்" என்று அவரே சொன்னார்.

இங்கே அவர்கள் வேலை செய்கிற விதத்தைச் சொல்லியாக வேண்டும். தாளை முழுதாக யாரும் கணக்கிட மாட்டார்கள், முடியாது. தாளில் திரும்பத் திரும்ப வருகிற ஆகச் சிறிய துண்டு எதுவோ, அதை மட்டும் வரைவார்கள். தாளக்காவின் தாளில் அந்தத் துண்டில் மூன்றே அணு. 'இதையே எல்லாப் பக்கமும் முடிவில்லாமல் அடுக்கிக்கொள்' என்று கணினியிடம் சொல்லிவிட்டால் போதும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று மேடம் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார். துண்டு சின்னதாக இருந்தால் கீழ்த்தளத்தில் இருக்கும் பெரிய கணினியின் வரிசையில் சீக்கிரம் இடம் கிடைக்கும். அந்தக் கணினிக்காகக் கட்டடம் முழுக்க வரிசையில் நின்றது.

கட்டுரையை எழுதி இதழுக்கு அனுப்பினார்கள். வழக்கப்படி, இதழ் சரிபார்ப்பதற்கு முன்னாலேயே, உலகத்தில் எல்லோரும் படிக்கிற இணையக் களஞ்சியத்திலும் போட்டார்கள். போட்ட மூன்றாம் நாள் உலைக்காரர் மாடியேறி வந்தார்.

உலைக்காரர் அதே கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறவர். கணக்கில் இருப்பதைக் கையில் கொண்டுவருவது அவருடைய வேலை. ஒரு நீண்ட மின் உலை, அதற்குள் ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் பொடிகளைச் சூடாக்கித் தாளாகப் படிய வைப்பார். சட்டையின் வலது கையில் எப்போதும் ஒரு பழுப்புக் கறை இருக்கும். "நீங்க மேலே உக்காந்து எண்ணுறீங்க, நான் கீழே உக்காந்து வேகுறேன்" என்பார். தாளக்காவைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் ஊரோடு சேர்ந்து அவரும் தாளக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"தாளக்கா, இது நிஜமா, இல்ல உங்க கம்ப்யூட்டர் கண்ட கனவா?"

"நிஜம்தான் அண்ணா."

"நிக்குமா?"

"நிக்கும். எல்லாம் பாத்தாச்சு."

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

"அப்ப நான் செஞ்சு காட்டுறேன்" என்றார் உலைக்காரர். "ஆனா ஒண்ணு. இந்தப் பொடி ஒருதடவ குழாய்க்குள்ள போச்சுன்னா போச்சு. அதோட நாத்தம் சுவத்துல ஏறிடும். அப்புறம் அந்தக் குழாய்ல, அந்த உலையில, வேற எதையும் செய்ய முடியாது. இப்ப செஞ்சிட்டிருக்கிறத அப்படியே கைவிடணும். எனக்கு இருக்கிறது ரெண்டு வருஷத் திட்டம், ஒரே உலை."

"யோசிச்சுச் செய்யுங்க அண்ணா."

"யோசிச்சாச்சு. ஒன்னு புள்ளி நாலுன்னு பாத்த பின்னாடி என்ன யோசனை."

அவர் புதுக் குழாய்க்கு எழுதிப் போட்டார். அனுமதிக்கு இரண்டு மாதம் அலைந்தார். குழாய் வந்தது. ஒரு திங்கட்கிழமை அதை உலையில் மாட்டிப் பொடியை ஏற்றுவதாக முடிவானது. அதற்கு அடுத்து வருகிற புதன்கிழமை தாளக்காவுக்கு நேர்முகத் தேர்வு.

அதற்கு முந்தைய வாரம், இதழிலிருந்து சரிபார்த்தவர்களின் கடிதம் வந்தது. ஏழு சின்னத் திருத்தங்கள். ஆறாவது, 'நான்காம் படத்தில் எழுத்து மிகச் சிறியதாக இருக்கிறது, பெரிதாக்கவும்.' இவ்வளவுதான். தாளக்கா மகிழ்ச்சியோடு உட்கார்ந்து எழுத்தைப் பெரிதாக்கினார்.

நான்காம் படம் அதிர்வுப் படம். தாளில் உள்ள அணுக்களை மெல்லத் தட்டினால் எப்படி ஆடும் என்று கணக்கிட்டுக் கோடுகளாக வரைந்த படம். கோடு பூஜ்யத்துக்கு மேலே இருந்தால், தட்டிய அணு ஆடிவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பும். தாள் நிற்கும். கோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் தட்டிய அணு திரும்பி வராது, விலகிக்கொண்டே போகும். தாள் அப்படி நிற்க விரும்பவில்லை என்று அர்த்தம். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. படத்தின் இடது மூலையில் ஒரு குட்டிப் பள்ளம் இந்த வகைத் தாள்களுக்கெல்லாம் வருவது சகஜம். அது கணக்கின் கரகரப்பு, பொருளின் குணம் இல்லை. அதற்கென்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை எல்லோரும் எல்லோரிடமிருந்தும் எடுத்து எழுதிக்கொள்வார்கள். தாளக்காவும் எழுதியிருந்தார்.

எழுத்துப் பெரிதானதும், எந்தக் கோடு எது என்று விளக்குகிற சின்னக் கட்டமும் பெரிதாகிப் படத்துக்கு வெளியே பிதுங்கியது. அந்தக் கட்டத்தை எங்கே வைப்பது என்பதைப் படம் வரையும் மென்பொருளே முடிவு செய்து வலது ஓரத்தில், கீழே, வைத்திருந்தது. தாளக்கா அதைச் சுட்டியால் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் வைத்தார். கட்டம் இருந்த இடத்தில் ஒரு கோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருந்தது.

வலது ஓரத்தில். அங்கே கரகரப்புக்கு வேலையில்லை.

இவ்வளவு நாளும் அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு கட்டம் உட்கார்ந்திருந்தது. மேடம் பார்த்த படம் அதுதான். சரிபார்த்தவர்கள் இருவரும் பார்த்ததும் அதுதான். யாரும் எதையும் மறைக்கவில்லை, யாரும் தூக்கிப் பார்க்கவுமில்லை.

சரி, கணக்கை இன்னும் நுணுக்கமாகச் செய்தால் பள்ளம் மறைந்துவிடும் என்று தாளக்கா தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். கரகரப்பாக இருந்தால் நுணுக்கம் கூடக் கூடக் குறையும். செவ்வாய்க்கிழமை வரிசையில் போட்டார். வியாழக்கிழமை மாலை முடிவு வந்தது. பள்ளம் இன்னும் ஆழமாகியிருந்தது.

அடுத்த சோதனை, துண்டை இரட்டிப்பாக்குவது. மூன்று அணுவுக்குப் பதில் ஆறு. பக்கத்துப் பக்கத்து அணுக்கள் தங்களுக்குள் விலக விரும்பினால் விலக இடம் கொடுப்பது. ஒற்றைத் துண்டில் அது முடியாது, ஏனென்றால் அங்கே எல்லாத் துண்டும் ஒரே அச்சு. ஒருவர் இடது பக்கம் சாய்ந்தால் உலகமே இடது பக்கம் சாயும். இதற்கு அரை மணி நேரம்தான் ஆகும். அரை மணி நேர வேலையை ஒரு வருடமாக அவர் செய்யவில்லை. செய்யத் தோன்றவில்லை, அதுதான் உண்மை. அந்த அறையில் யாருக்குமே தோன்றியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை அதைச் செய்தார். ஆறு அணுவும் இருந்த இடத்திலேயே நின்றன. படி அதே ஒன்று புள்ளி நான்கு.

தாளக்கா எழுந்து வராந்தாவுக்குப் போய் கணவருக்குப் போன் செய்தார். கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர்.

"ஒண்ணும் இல்லங்க. நிக்குது."

"நான்தான் அப்பவே சொன்னேனே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஆனா மனசுக்குள்ள சொன்னேன்."

சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முடிவுக் கோப்பை மூடப் போனவர், கடைசிப் பக்கத்தைச் சும்மா ஒரு பார்வை பார்த்தார். ஒவ்வோர் அணுவையும் எவ்வளவு விசை பக்கவாட்டில் இழுக்கிறது என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கும். எல்லாம் பூஜ்யம். புள்ளிக்குப் பின்னால் ஆறு இடத்துக்கும் பூஜ்யம்.

ஒன்பது வருடத்தில் பக்கவாட்டு விசை இவ்வளவு சுத்தமான பூஜ்யமாக வந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. நிஜமாகவே கீழே உட்கார்ந்துவிட்ட அணுவின் கணக்கில் ஒரு தூசியாவது மிச்சம் இருக்கும். ஆறு இடத்துக்கும் பூஜ்யம் என்றால், அந்த அணு உட்காரவில்லை. இரண்டு பக்கமும் சரிசமமாக இழுபட்டு நட்டநடுவில் நிற்கிறது. முனை மேல் நிறுத்திய பென்சில் மாதிரி. காற்றே இல்லாத அறையில் அந்தப் பென்சில் நின்றுகொண்டேதான் இருக்கும். கணினிக்குள் காற்று கிடையாது. யாராவது தள்ள வேண்டும். தாளக்கா அணுக்களுக்கு இடம் கொடுத்தார், ஆனால் தள்ளவில்லை.

கோப்பைத் திறந்தார். ஓர் உலோக அணுவின் இடம் 0.5000 என்று இருந்தது. அதை அழித்து 0.5120 என்று எழுதினார். மயிரிழையின் கனத்தில் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு நகர்த்தல். மறுபடி ஓடவிட்டார்.

அரை மணி நேரத்தில் உலோக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொண்டன. தாள் முழுக்க ஜோடி ஜோடியான வரிசைகள். ஆற்றலும் முன்பைவிடக் குறைவு. அதாவது தாளுக்கு இதுதான் சௌகரியம். படியைப் பார்த்தார். இரண்டு புள்ளி ஏழு. வெயிலில் பெரும்பங்கு அந்தப் படியை ஏற்றாது. தாளைத் தாண்டிக்கொண்டு போய்விடும்.

மேடத்தின் அறைக்குப் போய்ச் சொன்னார். மேடம் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கரகரப்பு இல்லையே?"

"இல்ல மேடம். ஆழமாகுது. தள்ளினா ஜோடி சேருது."

"என் பேரும் இதுல இருக்கு" என்றார் மேடம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்றேன், கேளு. புதன்கிழமை உனக்கு இன்டர்வியூ. வியாழக்கிழமை நாம ரெண்டு பேருமா சேர்ந்து வாபஸ் வாங்கிக்கலாம். மறைக்கச் சொல்லல. ஆறு நாள் தள்ளிப் போடச் சொல்றேன். ஒன்பது வருஷம் ஆச்சு உனக்கு. அடுத்த இடம் எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

மேடம் கெட்டவர் இல்லை. அந்த ஒன்பது வருடமும் நீட்டிப்புக் காகிதத்துக்காக அலுவலகத்தில் சண்டை போட்டது அவர்தான். அதனால்தான் தாளக்கா, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தார்.

வீட்டில் இரவு உணவின்போது விஷயத்தை எடுத்தார். கணவர் யோசித்துப் பேசுகிறவர்.

"மேடம் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. வியாழக்கிழமை சொன்னா யாருக்கு என்ன நஷ்டம்?"

"திங்கக்கிழமை குழாய மாட்டிப் பொடியப் போட்டுடுவார்."

"அவர்கிட்ட மட்டும் வேற ஏதாவது காரணம் சொல்லி ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லேன்."

"என்ன காரணம்?"

"ஏதாவது. நல்ல நேரம் இல்லன்னு சொல்லு."

"அவர் எண்ணூறு டிகிரிக்கு நேரம் பாக்குறவர்ங்க. நம்ம நேரத்த எங்க பாப்பார்."

மாமியார் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "புதன் உனக்கு, திங்கள் அவருக்கு. அதானே?"

"ஆமா அத்தை."

"திங்கள் முன்னால வருதா, புதன் முன்னால வருதா?"

"திங்கள்."

"அப்ப ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லணும். இதுல ரெண்டு பேரும் மூஞ்சியத் தொங்கப் போட என்ன இருக்கு. கிழமைக் கணக்குகூடத் தெரியாம என்ன கம்ப்யூட்டர் படிச்சீங்களோ."

"வேலை கிடைக்காது அத்தை."

"கிடைக்காதுதான்" என்றார் மாமியார். "நான் கிடைக்கும்னு சொல்லலையே." மருமகள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

சனிக்கிழமை காலை தாளக்கா மாடிக்குப் போகாமல் நேரே அடித்தளத்துக்கு இறங்கினார். உலைக்காரர் புதுக் குழாயை மேசையில் துணிமேல் கிடத்தி, உள்ளே நூல் கட்டிய பஞ்சை இழுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற கவனம்.

"வாங்க தாளக்கா. மாப்பிள்ளையப் பாத்தீங்களா, எப்படி மின்னுறார்."

"அண்ணா, மாட்டாதீங்க. அந்தத் தாள் நிக்காது."

உலைக்காரரின் கை நின்றது. தாளக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கட்டம் மறைத்த பள்ளத்தை, ஆறு பூஜ்யத்தை, தள்ளியதை. உலைக்காரர் கேட்டு முடித்ததும் பஞ்சைச் சுருட்டி மேசையில் போட்டார்.

"எல்லாம் பாத்தாச்சுன்னீங்க."

"சொன்னேன்."

"எல்லாமுமான்னு ரெண்டாவது தடவ கேட்டேன்."

"கேட்டீங்க அண்ணா."

"ரெண்டு மாசம் ஒரு குழாய்க்காக ஒவ்வொரு மேசையா நின்னிருக்கேன். ஒருத்தன் கையெழுத்துப் போட இன்னொருத்தன் லீவு முடிஞ்சு வரணும்பான்." அவருக்குக் குரல் உயரவில்லை, அதுதான் தாளக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது. "அது போகட்டும். நிக்கும்னு சொன்னதும் நீங்க. இப்ப நிக்காதுன்னு சொல்றதும் நீங்க. நான் எதை நம்புறது?"

இந்தக் கேள்விக்குத் தாளக்கா தயாராக வரவில்லை.

"என்னை நம்பாதீங்க. நீங்களே தள்ளிப் பாருங்க."

"எனக்கு உங்க கம்ப்யூட்டர் தெரியாதே."

"நம்பரை மாத்தத் தெரியுமில்ல, அது போதும்."

இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். சனிக்கிழமை என்பதால் வரிசை காலியாக இருந்தது. தாளக்கா கோப்பைத் திறந்து கொடுத்துவிட்டு, வேண்டுமென்றே எட்டப் போய் வெள்ளைப் பலகை அருகே நின்றுகொண்டார். உலைக்காரர் இரண்டே விரலால் தட்டினார்.

"எந்தப் பக்கம் தள்ளணும்?"

"உங்க இஷ்டம்."

"மேலே?"

"மேலேயும் தள்ளுங்க."

"எவ்வளவு?"

"அதுவும் உங்க இஷ்டம் அண்ணா. நான் சொன்னா அப்புறம் நான் சொன்னதாயிடும்."

அவர் ஐந்து விதமாகத் தள்ளினார். ஒரு முறை குறுக்கே, ஒரு முறை மேலே, ஒரு முறை இரண்டு அணுவை எதிரெதிராக, ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு ஏதோ எண்ணை அடித்து. கடைசியாக, "இப்ப பிரிச்சு வச்சுப் பாக்குறேன்" என்று ஜோடியாகிவிட்ட அணுக்களைப் பிரித்துப் பழைய இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார். பிற்பகலுக்குள் ஐந்தும் முடிந்தன. ஐந்திலும் அதே ஜோடி வரிசைகள். அதே இரண்டு புள்ளி ஏழு.

உலைக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "விவாகரத்து பண்ணி வச்சாலும் ஓடிப்போய்ச் சேந்துக்குதுங்க."

"ஆமா."

"ஜோடியா இருக்கிற தாளையே செஞ்சா?"

"ஊதாப் பக்கத்து ஒளிக்கு மட்டும் ஆகும். அதுக்கு இதைவிட நல்ல தாள் ஏற்கெனவே இருக்கு. வெயிலுக்கு இது வெறும் வெளிர் மஞ்சள் கண்ணாடி."

"புதன்கிழமை உங்களுக்கு இன்டர்வியூ இல்ல?"

தாளக்கா தலையாட்டினார். உலைக்காரருக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. எழுந்து போய் ஏசிக்குக் கீழே நிரம்பியிருந்த வாளியை எடுத்துக் கொட்டிவிட்டு வந்தார். "பழைய வேலையையே செஞ்சுட்டுப் போறேன். குழாய் கிடக்கட்டும், புதுசு கெட்டுப் போகாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்று மாலை தாளக்கா மேடத்துக்குப் போன் செய்து, உலைக்காரரிடம் சொல்லிவிட்டதைச் சொன்னார். "சரி. இனிமே வியாழக்கிழமைக்கு அர்த்தமில்ல" என்றார் மேடம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினார்கள். முதல் வரியை மேடமே எழுதினார்: 'தவறு எங்களுடையது.' இதழுக்கும் களஞ்சியத்துக்கும் அனுப்பினார்கள். புதன்கிழமை காலை களஞ்சியத்தில் அந்தக் கட்டுரையின் தலைமேல் 'திரும்பப் பெறப்பட்டது' என்று விழுந்தது.

அதே புதன்கிழமை பதினொரு மணிக்கு ஐந்து பேர் கொண்ட குழு தாளக்காவிடம் கேட்டது. "உங்களோட சிறந்த வேலையைப் பத்திச் சொல்லுங்க."

"இன்னைக்குக் காலையில வாபஸ் ஆன வேலைதான் சார்" என்று தாளக்கா தொடங்கினார். பலகையில் இரண்டு வரிசைப் புள்ளிகளைப் போட்டு, ஏன் முதல் வரிசை நிற்காது, ஏன் இரண்டாவது நிற்கும் என்று விளக்கினார். நடுவில் இருந்தவர் ஆர்வமாகவே கேட்டார். ஓரத்தில் இருந்தவர் கேட்டார், "சரிம்மா. இது போச்சுன்னா, இப்ப உங்ககிட்ட என்னதான் இருக்கு?"

"ஒரு தாள் எப்ப நிக்கிற மாதிரி நடிக்கும்னு தெரியும் சார்."

யாரோ சிரித்தார்கள், கேலியாக அல்ல. ஆனாலும் வேலை வேறொருவருக்குப் போனது. ஆறு கட்டுரை எழுதியவர். "நல்ல ஆளுதான், அவர் கணக்கை நான் படிச்சிருக்கேன்" என்று தாளக்கா வீட்டில் சொன்னார். சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மாமியாரும் அன்று கேலி எதுவும் பேசவில்லை.

இப்போது அந்த அறையிலிருந்து எந்தத் தாளும் தள்ளிப் பார்க்காமல் வெளியே போவதில்லை. துண்டை இரட்டிப்பாக்க வேண்டும், குறைந்தது ஐந்து விதமாகத் தள்ள வேண்டும், அதில் இரண்டு விதத்தை அந்தக் கணக்கைச் செய்யாத வேறு ஒருவர் முடிவு செய்ய வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு மேடம் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். உலைக்காரர் தன்னுடைய திட்டத்தில் கணக்கு பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று எழுதி, தாளக்காவின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். அது இரண்டு வருட ஒப்பந்தம். ஒரு வருடம் கூடுதல். "தப்புன்னு தெரிஞ்சா வாக்கு மாறுற ஆளுதான் வேணும்னு கேட்டேன்" என்று காரணம் சொல்கிறார். நிரந்தர வேலை இன்னும் கிடைக்கவில்லை.

தாளக்காவை இப்போதும் உறுத்துவது அது இல்லை. அந்தக் கட்டுரை களஞ்சியத்தில் கிடந்த நான்கு மாதத்தில் எத்தனையோ பேர் அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள். 'வெயிலுக்குப் புதுத் தாள்' என்று பலர் சுருக்கி எழுதினார்கள். திரும்பப் பெற்ற செய்தியைச் சுருக்கி எழுத யாரும் வரவில்லை. தவறு இறக்கை கட்டிப் பறந்துவிட்டது, திருத்தம் கால்நடையாகப் போய்க்கொண்டிருக்கிறது. இன்றைக்கும் மாதத்துக்கு ஒன்றிரண்டு கடிதம், முகம் தெரியாதவர்களிடமிருந்து வருகிறது: உங்கள் தாளைச் செய்து பார்க்கிறோம், சரியாக வரவில்லை, என்ன செய்வது? ஒருவர் ஐந்து மாதம் உலையை எரித்திருந்தார். ஒவ்வொருவருக்கும் தாளக்கா அன்றைக்கே பதில் எழுதுகிறார். கோப்பையும் சேர்த்து அனுப்பி, என்னை நம்ப வேண்டாம், நீங்களே தள்ளிப் பாருங்கள் என்கிறார். ஆனால் எழுதிக் கேட்கிறவர்களுக்குத்தான் அவரால் பதில் எழுத முடியும். கேட்காமல் எரித்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியாது.

அதனால் படிக்கிறவர்களிடம் ஓர் உதவி. உங்களுக்குத் தெரிந்த யாராவது, எங்கேயாவது ஓர் அடித்தளத்தில், கணக்கில் மட்டும் நின்ற ஒரு தாளை நம்பிக் குழாயைத் துடைத்துக்கொண்டிருக்கலாம். இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். அப்படி யாரையும் தெரியாவிட்டால், தெரிந்திருக்கக்கூடிய இன்னொருவரிடம் சொல்லுங்கள்.